பெயிண்ட் போனா என்ன... கிடார் போகலையே!

செகண்ட் ஹேண்டில் ஒரு எலெக்ட்ரிக் கிடார் வாங்கியிருக்கிறீர்கள். வாசித்தால் சத்தம் சூப்பர். பார்த்தால்..? ஓரமெல்லாம் பெயிண்ட் பெயர்ந்து, கை படும் இடம் பிசுபிசுத்து, யாரோ எப்போதோ ஒட்டிய ஸ்டிக்கரின் பசை கறுத்துப்போய், மழையில் நனைந்த தேர்தல் சுவர் மாதிரி நிற்கிறது. காணையில் பஸ் ஏறி விழுப்புரத்தில் இறங்குவதற்குள், 'என்ன மச்சி, கிணறு தூர் வாரும்போது கிடைச்சுதா?' என்று நாலு பேர் கேட்டுவிடுகிறார்கள். உடனே உங்களுக்குள் ஒரு வீரம் பொங்குகிறது. 'மொத்த பெயிண்டையும் உரிச்சுட்டு, மரம் பளிச்சுனு தெரியற மாதிரி ஆக்கிட்டா என்ன?'

ஆக்கலாம் பாஸ், தாராளமா ஆக்கலாம்! ஆனால், உப்புத்தாளைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ரெண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிந்தாக வேண்டும். ஒன்று, நிஜமாகவே உரிக்கத்தான் வேண்டுமா? இரண்டு, மேலே இருக்கும் பூச்சு எந்த வகை? இது தெரியாமல் இறங்கினால் பெயிண்டோடு சேர்ந்து கிடாரும் போகும். அதைவிட மோசம், உங்கள் நுரையீரலுக்கும் சேர்த்து வேட்டு வைக்கும்.

பீட்டில்ஸ் உரித்த கதை

இந்த ஆசை உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. 1968-ல் பீட்டில்ஸ் குழுவினர் ரிஷிகேஷ் வந்து, மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்தில் தங்கினார்கள். ஸ்காட்லாந்துப் பாடகர் டோனவனும் அப்போது அங்கே இருந்தார். 'மேல்பூச்சை எடுத்துட்டா கிடார் நல்லா மூச்சு விடும்' என்று அவர்தான் யோசனை சொன்னார் என்பார்கள். அதே வருடம் ஜான் லெனனும் ஜார்ஜ் ஹாரிசனும் தங்கள் எபிஃபோன் கேசினோ கிடார்களின் பூச்சை உரித்து வெறும் மரமாக்கினார்கள். 1969 ஜனவரி 30 அன்று லண்டனில் மொட்டைமாடியில் நின்று பீட்டில்ஸ் வாசித்தார்களே... அந்தக் கடைசிக் கச்சேரியில் லெனன் கையில் இருந்தது இந்த உரித்த கிடார்தான். உரித்த பிறகு கிடார் ரொம்பவே நன்றாக ஆகிவிட்டது என்று ஹாரிசனும் பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

'ஆஹா, அப்ப நானும் உரிச்சா சத்தம் கூடும்!' என்று துள்ளாதீர்கள். கேசினோ உள்ளே கூடாக இருக்கிற கிடார். அதன் மெல்லிய பலகை அதிர வேண்டும். அதனால் பூச்சின் கனத்துக்கு அங்கே கொஞ்சமாவது வேலை உண்டு. உங்கள் கையில் இருப்பதோ பெரும்பாலும் முழுக் கட்டையில் செதுக்கியது. அதில் சத்தம் பிறப்பது பிக்கப்பில். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியைச் சுருட்டி வைத்திருப்பார்கள். மேலே தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைந்து, சுருளில் மின்சாரம் உண்டாகிறது. பிளஸ் டூ பிசிக்ஸில் தூங்கி வழிந்துகொண்டே படித்த ஃபாரடே விதி, அதேதான்! ஆம்ப்ளிஃபையருக்குப் போவது அந்த மின்சாரம். மேலே பூசியது சிவப்பா கறுப்பா என்று பிக்கப்புக்குத் தெரியவே தெரியாது.

ஆக, கட்டை கிடாரை உரிப்பது அழகுக்காக. சத்தத்துக்காக என்று யாராவது சொன்னால், சிரித்துவிட்டு நகருங்கள். அக்கூஸ்டிக் கிடாராக இருந்தால் உரிக்கும் யோசனையே வேண்டாம். மேல்பலகை அப்பளம் மாதிரி மெல்லிசு. ரெண்டு தேய் கூடத் தேய்த்தால் கதை முடிந்தது.

உரிந்த பெயிண்டுக்கு 9 கோடி!

இப்போது இன்னொரு கதை. அயர்லாந்துக்காரர் ரோரி காலகர் 1963-ல் கார்க் நகரக் கடையில் ஒரு 1961 மாடல் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரை 100 பவுண்டுக்கு வாங்கினார். கிடார் ஒருமுறை திருடு போய், பிறகு மீண்டது. மேடைக்கு மேடை வியர்வை கொட்டக் கொட்ட வாசித்ததில், சன்பர்ஸ்ட் பெயிண்ட் முக்கால்வாசி பெயர்ந்தே போனது. அவர் மறுபடி பெயிண்ட் அடிக்கவில்லை. அந்தச் சொறி பிடித்த கிடார்தான் அவர் அடையாளமே! அவர் 1995-ல் மறைந்தார். 2024 அக்டோபரில் லண்டனில் அந்தக் கிடார் ஏலத்துக்கு வந்தபோது, கிட்டத்தட்ட 8.9 லட்சம் பவுண்டுக்குப் போனது. நம்ம காசில் 9 கோடி ரூபாய்க்கும் மேல்.

இதைவிட வேடிக்கை, புதுக் கிடாரையே வேண்டுமென்று தேய்த்து, கீறி, பழசு மாதிரி ஆக்கி, 'ரெலிக்' என்று பெயர் வைத்து 1990-களிலிருந்து கூடுதல் விலைக்கு விற்கிறது ஃபெண்டர். உங்கள் கிடாரில் அதே வேலையை யாரோ இலவசமாகச் செய்து கொடுத்திருக்கிறார்கள்!

எனவே முதலில் சுத்தம் செய்து பாருங்கள். ஸ்டிக்கர் பசைக்கு, பஞ்சில் ரெண்டு சொட்டு நீலகிரித் தைலம். அதையும் மறைவான இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மற்ற இடத்தில் தடவுங்கள். பிறகு ஈரத்துணி, அதன்பின் காய்ந்த துணி. முக்கால்வாசி 'கேவலம்' அத்தோடு போய்விடும். மிச்சமிருப்பது தழும்பு. அதோடு வாழ முடியுமா என்று ஒரு வாரம் வாசித்துப் பார்த்து முடிவெடுங்கள்.

வீட்டில் சித்தப்பாவோ மாமாவோ அந்தக் காலத்தில் சர்ச்சில், மெல்லிசைக் குழுவில் வாசித்த பழைய கிடார் கிடக்கிறதா? கை வைக்காதீர்கள். பழைய கிடாரில் ஒரிஜினல் பூச்சு போனால், வாங்குகிறவர்கள் விலையைப் பாதியாகக் குறைத்துவிடுவார்கள். அப்புறம், அது மாமாவின் வியர்வை பட்ட பெயிண்ட். அதற்கு விலையே கிடையாது.

வெள்ளத்தில் நனைந்ததா?

நம்ம பக்கம் இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனம் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. பரண் மேல் ஏற்றிய பொருள் பிழைத்தது, கட்டிலுக்கடியில் இருந்தது நனைந்தது.

நனைந்த கிடாரின் பூச்சு வெளுத்து, கொப்புளம் போட்டிருந்தால் அவசரப்பட்டு உரிக்காதீர்கள். தந்தி, பிக்கப், ஒயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, காற்றோட்டமான நிழலில் சில வாரங்கள் காயப்போடுங்கள். வெயிலில் வைத்தால் மரம் பிளந்துவிடும். ஈரம் போனபின் சில வெள்ளைத் திட்டுகள் தானாகவே மறையும். பாடி பிளைவுட்டாக இருந்து அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தால், பெயிண்டை உரித்துப் பிரயோஜனம் இல்லை. பாகங்களைக் கழற்றி அடுத்த கிடாருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பட்ஸ் சொல்லும் ரகசியம்

சரி, யோசித்துப் பார்த்தாச்சு, உரிக்கத்தான் போகிறீர்கள். ரைட்! மேலே இருப்பது என்ன என்று கண்டுபிடிக்க, காது குடையும் பட்ஸ் போதும். பிக்கார்டைக் கழற்றினால் அடியில் யார் கண்ணுக்கும் படாத இடம் இருக்கும். முதலில் ஸ்பிரிட்டைத் தொட்டு வையுங்கள். பூச்சு இளகினால் அது அரக்கு பாலிஷ். இளகாவிட்டால் அடுத்து தின்னர். பிசுபிசுவென்று ஒட்டினால் லேக்கர் வகை. ரெண்டுக்கும் அசையாமல் கல் மாதிரி நிற்கிறதா? பாலியெஸ்டர் அல்லது பாலியூரித்தேன். கடைகளில் கிடைக்கும் விலை குறைந்த இறக்குமதி கிடார்களில் பெரும்பாலும் இந்தக் கல்தான்.

வகையைப் பொறுத்து வழி மாறும். லேக்கரை தின்னரில் நனைத்த துணியால் இளக்கி, வழித்து எடுக்கலாம். அதற்கு ஹீட் கன் கூடவே கூடாது. பழைய கிடார்களில் இருப்பது நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர். குப்பென்று பற்றிக்கொள்ளும் சரக்கு! பாலியெஸ்டர் தின்னருக்கு மசியாது. அதற்குத்தான் ஹீட் கன்.

படிப்படியா போலாமா?

கழற்றும் முன் நாலு பக்கமும் செல்போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஒயர் எங்கே போகிறது என்பதை ரெண்டு வாரம் கழித்து உங்கள் மூளை சொல்லாது, போட்டோ சொல்லும். தந்திகளை ஒரேயடியாக வெட்டாமல், எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். நெக்கை ஸ்க்ரூவில் மாட்டியிருந்தால் கழற்றித் தனியாக வையுங்கள். அதன் பெயிண்டில் கை வைக்காதீர்கள். ஸ்க்ரூக்களை ஓர் அட்டையில் குத்தி, பக்கத்தில் பெயர் எழுதுங்கள். பிரிட்ஜுக்கு அடியில் ஒரு எர்த் ஒயர் போகும். அதை அறுத்துவிட்டால் பிறகு கிடார் 'உய்ய்ங்' என்று ஒப்பாரி வைக்கும்.

ஹீட் கன்னை ஒரே இடத்தில் பிடிக்காமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பூச்சு இளகி, கொப்புளம் கிளம்பும்போது மழுங்கிய பட்டி பிளேடை உள்ளே விட்டு, மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே நெம்புங்கள். ஒரு இடத்தில் கிளம்பிவிட்டால், பிறகு பலாச்சுளையைச் சுற்றின நார் மாதிரி பட்டை பட்டையாக வரும். அந்த சுகமே தனி! ஆனால் சூடு அதிகமானால் மரம் கருகும். பலகைகளை ஒட்டிய கோந்து விட்டுப்போய் பாடி வாய் திறக்கும். ஓரங்களில் பிளாஸ்டிக் பட்டி ஓடுகிற கிடார் என்றால் அதன் அருகில் சூடும் வேண்டாம், தின்னரும் வேண்டாம். உருகிவிடும்.

அடுத்து உப்புத்தாள். 80-ல் ஆரம்பித்து 120, 180, 220, 320 என்று ஏறுங்கள். 80-லிருந்து நேராக 320-க்குத் தாவினால், முதல் தாள் போட்ட கீறல்கள் பாலிஷ் அடித்த பிறகு பல்லைக் காட்டும். தாளை வெறும் விரலால் அழுத்தாமல், சின்ன மரக்கட்டையில் சுற்றித் தேயுங்கள். இல்லாவிட்டால் விரல் பட்ட இடமெல்லாம் பள்ளம். நெக் வந்து உட்காரும் குழிக்குள் மட்டும் தாளே போகக் கூடாது. அந்தக் குழி கொஞ்சம் லூஸானாலும் நெக் ஆடும், கம்பி கோணும், சுருதி நிற்காது. கிடார் உயிரே அங்கேதான் இருக்கிறது.

உயிர் முக்கியம் பாஸ்!

இந்தப் பகுதியை மட்டும் ரெண்டு தடவை படியுங்கள்.

* பெயிண்ட் ரிமூவர் டப்பாவில் 'மெத்திலீன் குளோரைடு' அல்லது 'டைகுளோரோமீத்தேன்' என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள். அந்த ஆவியை மூச்சில் இழுத்தால் உடம்பு அதைக் கார்பன் மோனாக்சைடாக மாற்றுகிறது. மூடிய அறையில் வேலை பார்த்தவர்கள் செத்தே போயிருக்கிறார்கள். அமெரிக்காவில் 2019-லேயே இந்த ரிமூவரைப் பொதுமக்களுக்கு விற்கத் தடை போட்டுவிட்டார்கள். சிரமப்பட்டுத் தேடி வாங்கினாலும், பாலியெஸ்டரை இது அவ்வளவாக அசைக்காது.

* கொரோனா காலத்தில் வாங்கிய என்-95 மாஸ்க், தேய்க்கும் தூசிக்குச் சரி. தின்னர் ஆவிக்கு அது பூஜ்யம். அதற்குக் கரி வடிகட்டி வைத்த மாஸ்க் வேண்டும். எதுவானாலும் வேலை வெட்டவெளியில்தான்.

* பழைய பெயிண்ட் என்றால் ஈயம் இருக்கலாம். வீட்டு பெயிண்டுகளில் ஈயம் 90 பி.பி.எம்-முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியே இந்தியாவில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. எனவே பழைய பெயிண்டைக் காய்ந்த நிலையில் தேய்த்துப் புழுதி கிளப்பாதீர்கள். குட்டிப் பசங்க விளையாடுகிற திண்ணையில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

* வைக்கோல் போர் பக்கத்தில் ஹீட் கன்னும் கூடாது, தின்னரும் கூடாது.

உள்ளே என்ன பூதம்?

உரித்த பிறகு தேக்கு மாதிரி ரேகை ஓடும் என்று கனவு காணாதீர்கள். அடர்த்தியாகப் பெயிண்ட் அடிப்பதே சில சமயம் எதையோ மறைக்கத்தான்! மூணு நாலு துண்டு ஒட்டிய கட்டை, பட்டி பார்த்த ஓட்டை, பிளைவுட்... எது வேண்டுமானாலும் வெளியே வரலாம். ரேகை நன்றாக இருந்தால் மரமாகவே விடுங்கள். இல்லையென்றால் மறுபடி கலர் அடிப்பதில் வெட்கமே இல்லை.

மரத்தை வெறுமனே விட்டால் வியர்வையும் ஈரமும் குடித்துக் கறுத்துவிடும். ஏதாவது ஒரு பூச்சு அவசியம். 'வீட்டுல தேங்காய் எண்ணெய் இருக்கே?' என்றால், அது காயவே காயாது, பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டுக் கெட்டியாகும் ரகம். ஹார்டுவேர் கடையில் 'லின்சீட் ஆயில்' என்று கேளுங்கள். மெல்லிசாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்து, காயவிட்டு மறுபடி தடவ வேண்டும். ஜாக்கிரதை! அந்த எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவிடுங்கள்.

நம்ம ஊர் மாஸ்டர்கள்

இவ்வளவையும் வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டுமா என்ன? விழுப்புரத்தில் பீரோ, கட்டிலுக்கு பாலிஷ் போடும் அண்ணனிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நில்லுங்கள். அவல் மாதிரியே இருப்பதால் அவலரக்கு என்று பெயர் வாங்கிய செதில்களை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, துணிப் பந்தால் வட்டம் வட்டமாகத் தேய்த்து அவர் ஏற்றுகிற பளபளப்பு இருக்கிறதே... அதைத்தான் வெளிநாட்டில் விலை உயர்ந்த கிளாஸிக்கல் கிடார்களுக்கு 'ஃபிரெஞ்ச் பாலிஷ்' என்று போடுகிறார்கள். அந்த அரக்கு, நம் நாட்டு மரங்களில் ஒரு பூச்சி கட்டுவது. இன்னொரு நன்மை, கீழே பழைய பூச்சு கொஞ்சம் மிச்சமிருந்தாலும் அரக்கு அதன் மேல் பிடித்துக்கொள்ளும்.

கலர்தான் வேண்டுமா? பைக் பெயிண்ட் அடிக்கும் கடைக்குப் போங்கள். போர்டில் 'டூகோ பெயிண்டிங்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டூகோ என்பது அமெரிக்காவின் டுபாண்ட் கம்பெனி 1920-களில் கார்களுக்காகக் கொண்டுவந்த பெயிண்டின் பெயர். 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டரை அறிமுகப்படுத்திய ஃபெண்டர், ஸ்பெஷல் கலர்களுக்கு எடுத்ததும் இதே டுபாண்ட் கார் பெயிண்டுகளைத்தான். ஆக, உங்கள் கிடாரை ஸ்பிளெண்டர் பக்கத்தில் தொங்கவிட்டு ஸ்ப்ரே அடிப்பது ஒன்றும் கேவலம் இல்லை. அதுதான் ஒரிஜினல் ரூட்! ஒன்றே ஒன்று, ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் லேக்கர் அடிக்கச் சொல்லாதீர்கள். காற்றில் ஈரம் இருந்தால் பூச்சு பால் படிந்த மாதிரி வெளுக்கும். பொங்கல் கழித்து, காற்று காய்ந்த பிறகு அடியுங்கள். அடித்த பிறகும் மூணு, நாலு வாரம் தொடாமல் ஆறவிட வேண்டும். அதற்குள் தந்தி மாட்டினால் உங்கள் கைரேகை நிரந்தரமாகப் பதிந்துவிடும்.

'இதெல்லாம் ஒரு வேலையா?' என்று வீட்டில் கேட்டால், ஆரோவில்லைக் காட்டுங்கள். அங்கே 'ஸ்வரம்' என்ற இசைக்கருவிப் பட்டறை 2003-ல் தொடங்கியது. சுற்றுவட்டாரக் கிராமத்து இளைஞர்களுக்கு மரத்திலும் உலோகத்திலும் கருவிகள் செய்யப் பயிற்சி கொடுத்து, அதையே அவர்களின் தொழிலாக்கியது. உப்புத்தாள் பிடித்த கையும் சுருதி கேட்கும் காதும் ஒரே ஆளிடம் இருப்பது அபூர்வம். அந்த ஆளுக்கு எந்த ஊரிலும் வேலை உண்டு.

விழுப்புரம் அண்ணா அரசுக் கல்லூரியோ, திண்டிவனம் கோவிந்தசாமி அரசுக் கல்லூரியோ... எந்த கேம்பஸ் கல்ச்சுரல்ஸ் மேடையாக இருந்தாலும், புதுக் கிடார் வாங்கக் காசு இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் தன் கிடாரின் ஒவ்வொரு ஸ்க்ரூவும் எங்கே இருக்கிறது, பெயிண்டுக்கு அடியில் எத்தனை துண்டு மரம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வாசிக்கிறவர்கள் அவர்களைவிடக் கொஞ்சம் பேர். காசே இல்லாமல் நீங்கள் அந்த லிஸ்ட்டில் சேரலாம்.

அவசரம் மட்டும் வேண்டாம். முதலில் பஞ்சு, அடுத்து பட்ஸ், கடைசியில்தான் உப்புத்தாள். பஞ்சோடவே ஆசை அடங்கிடுச்சுன்னா ரொம்ப சந்தோஷம்... மிச்ச நேரத்துல ரெண்டு புது கார்டு பழகுங்க!